விளிம்பில் பூச்சு நிற்பதில்லை

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடையில் வாங்கினேன்,
நூற்றெண்பது ரூபாய்.
கருப்புப் பூச்சு, பச்சைக் கைப்பிடி.
ஒட்டாது, துருவேறாது என்று அட்டையில் போட்டிருந்தது.
இரண்டாவதை நான் நம்பவில்லை.
முதலாவது உண்மைதான், மூன்று மாதம் வரை:
உருளைக்கிழங்கு வில்லை வில்லையாய்த்
தானே விலகி விழும்.

கெம்பம்மா வந்தது ஒரு புதன்கிழமை.
ஒரே ஒரு கட்டைப்பை,
அதில் இரண்டு புடவை, ஆதார் அட்டை, சார்ஜர்.
டீ குடித்தாள்.
ஒன்றும் சொல்லாமல்
வீட்டிலிருந்த கத்திகளையெல்லாம் அள்ளிக்கொண்டு
துவைக்கிற கல்லுக்குப் போனாள்.

எங்கள் பக்கம் கல்லுக்கா பஞ்சம்.
குவாரியில் கழித்துப் போட்ட துண்டுதான்
வாசலுக்குப் படி, துணிக்குக் கல்,
தண்ணீர் டிரம்முக்கு முட்டு.
அந்தக் கருங்கல்லில்
சர்க், சர்க் என்று அரைமணி நேரம்.
நாங்கள் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தோம்.
கூடப் பிறந்தவள்தான்.
ஆனாலும் ஏன் வந்தாய் என்று கேட்க
எனக்கு வாய் வரவில்லை.

காலையில் எடுத்துப் பார்த்தால்
பூனை பிறாண்டின கதவு மாதிரி இருந்தது கத்தி.
நுனிப் பக்கம் பூச்சு பொருக்காய் எழும்பியிருந்தது.
தக்காளி மேல் வைத்தேன்,
வழுக்கிக்கொண்டு என் விரலுக்கு வந்தது.
பழைய இரும்புக் கத்தி எதையும் தாங்கும்.
இது தகடு.

ஞாயிற்றுக்கிழமை திம்மராயன்
ஓசூர் கம்பெனி டூல் ரூமில் கேட்டு வாங்கி
பாதி தேய்ந்த சாணைக்கல் ஒன்று கொண்டுவந்தார்.
ஆயிரம் நம்பர்.
பக்கெட்டில் போட்டதும் மூச்சு விட்டது,
குமிழ் நிற்கும்வரை காத்திருந்து
ஈரச் சாக்கின் மேல் நகராமல் உட்கார வைத்தோம்.

எங்கே கல் படுகிறதென்று தெரிய
விளிம்பில் கோடு போடணும் என்றார்.
மார்க்கர் கருப்பு, கத்தியும் கருப்பு.
பாப்பாவின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து
மெல்லிசாய் ஓட்டினாள் கெம்பம்மா.
ஐந்து ஒற்றை ரூபாயை அடுக்கி
கத்தி முதுகை அதன் மேல் சாய்த்து,
இவ்வளவுதான் தூக்கணும், கை பார்த்து வெச்சுக்கட்டும் என்று
காசை உருவிக்கொண்டார்.

"அழுத்தாதம்மா. கத்தி கனமே போதும்."
"அழுத்தாம எப்படி மாமா தீரும்?"

நாலு நாளில் அவள் கேட்ட முதல் கேள்வி.

போன் அடித்தது.
பெயரைப் பார்த்தாள்.
ஈரக்கையோடு கவிழ்த்துப் போட்டுவிட்டு
பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணினாள்.
அது நின்று மறுபடி அடித்தபோது
முப்பதுக்கு வந்திருந்தாள்.

முதலில் சிவப்பு போனது.
அப்புறம் கருப்பும் போனது,
நூல் கனத்துக்கு ஒரு வெள்ளிக் கோடு.
கை அப்படியே நின்றுவிட்டது.
"ஐயோ, பூச்சு போச்சே."
"போகணும். அங்கே இருந்தா வெட்டாது.
ஒட்டாம இருக்கத்தான் அது, பக்கவாட்டுக்கு."

மறுபக்கம் திருப்பினாள்.
எதிர்ப்புறம் பிசிறு ஏறியிருக்கிறதா என்று
கட்டைவிரலைக் குறுக்கே வைத்துத் தடவினாள்,
நெடுக்கே அல்ல. அது யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.
பேப்பரை நான் பிடித்தேன்.
தங்கம் விலை நிலவரம்
சத்தமே இல்லாமல் இரண்டானது.

மிச்சத்தை நான் சொன்னேன்:
கம்பி நாரால் தேய்க்காதே,
எவர்சில்வர் தட்டில் வைத்து நறுக்காதே,
மாங்காய்ப் புளிப்போடு கிடக்கவிடாதே,
கழுவு, உடனே துடை,
சிங்க்கில் பாத்திரத்தோடு போடாதே, அதுக்கும் கேடு
கைவிடுகிறவளுக்கும் கேடு.
"ஒரு கத்திக்கு இவ்வளவா" என்றாள்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து
மாம்பழக் கூழ் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள்.
அங்கே கத்தி கொடுப்பார்கள்.
இருந்தாலும் பழைய காலண்டர் அட்டையை மடித்து
டேப் ஒட்டி உறை செய்து
இதைத்தான் பையில் வைத்துக்கொள்கிறாள்.
ஜூலை மாதம் வெளியே தெரிகிறது.

மதியச் சோற்றுக்கு
பெங்களூரா மாங்காய் கீறுவாளாம், உப்பு, மிளகாய்த்தூள்.
கீறல் விழுந்த இடத்தில் மட்டும்
துண்டு இன்னும் ஒட்டுகிறதாம்.
விரலால் தள்ளிவிட்டு
அடுத்ததை வெட்டுகிறாள்.